பாலிட்டோ மணல்மேட்டில் கிடந்த சிப்பிகளைத் தின்றவர்கள் யார்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகேயுள்ள ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பாலிட்டோவுக்கு வடக்கே கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, மழையில் சரிந்த ஒரு மணல்மேட்டின் பக்கத்தில் சிப்பி ஓடுகள் முழ உயரத்துக்கு அடுக்கடுக்காகத் தெரிந்தன. இடையிடையே கரி. கப்பலில் வந்த நம் முன்னோர், தோட்டத்துச் சம்பளம் போதாமல் கடலுக்குப் போய்ச் சிப்பி எடுத்துத் தின்றுபோட்டது என்கிறார் என் ஆயா. அது கடல் ஒதுக்கிய குப்பை என்கிறார் அப்பா. 'ஸ்ட்ராண்ட்லோப்பர்' என்ற, எதுவுமே தெரியாத கரையோர நாடோடிகள் போட்டது என்கிறான் நண்பன். எது சரி? மூன்று ஓடுகளும் ஒரு கருங்கல் சில்லும் எடுத்து வந்திருக்கிறேன். அவற்றை என்ன செய்வது?"

தம்பி, நான் பாலிட்டோவுக்குப் பக்கத்து ஊரான டொங்காட்டில் முப்பது ஆண்டுகள் உயிரியல் பாடம் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு ஓர் அருங்காட்சியகத்தின் கிடங்கில் தன்னார்வலராக உட்கார்ந்து, இப்படிப்பட்ட மேடுகளிலிருந்து வந்த ஓடுகளைப் பிரித்து எண்ணியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அப்பா சொன்னதைப் பார்ப்போம். தொல்லியலாளர்களும் முதலில் எழுப்புகிற கேள்வி அதுதான். கடல் அளவு பார்த்து ஓடுகளை ஒதுக்குவதில்லை. நகம் அளவுக் குஞ்சும் உள்ளங்கை அளவுக் கிழமும் கலந்து கிடக்கும். அலையில் உருண்டு விளிம்பு மழுங்கியிருக்கும். யாரும் தின்னாத இனங்களும் சரளைக் கற்களும் கூடவே இருக்கும். மனிதர் குவித்த மேட்டில் இரண்டு மூன்று இனங்களே மிகுதி, அவையும் தின்னத் தகுந்த அளவில். உடைந்த விளிம்பு இன்னும் கூராக இருக்கும். நடுவே சாம்பல், கரி, தீயில் வெடித்த கல், மீன் முள், கல் சில்லு. கடற்காகங்களும் சிப்பிகளைத் தூக்கிப் போட்டு உடைக்கும். ஆனால் பறவை தீ மூட்டாது. நீங்கள் கரியைப் பார்த்திருக்கிறீர்கள், சில்லையும் எடுத்திருக்கிறீர்கள். ஆகவே அது கடல் போட்ட குப்பையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆயா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பனுக்கு வந்தது. அதற்குப் பின் வந்தவர்களில் ஒப்பந்தம் முடிந்ததும் கடலை நம்பிப் பிழைத்தவர்கள் உண்டு. டர்பன் வளைகுடாவுக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் நம்மவர்களின் மீனவக் குடியிருப்பே இருந்தது. என் தாத்தாவும் கரைவலை இழுத்தவர். சர்டைன் மீன்கள் கரைக்கு வரும் ஜூன், ஜூலை மாதங்களில் வீட்டில் யாரும் அவரைப் பார்க்க முடியாது. அவர்களும் பாறைச் சிப்பி எடுத்தார்கள், தின்றார்கள், ஓட்டைக் கொட்டினார்கள். ஆனால் அவர்கள் கொட்டிய இடத்தில் எனாமல் தட்டின் துண்டோ பாட்டில் கண்ணாடியோ துருப்பிடித்த ஆணியோ இல்லாமல் இராது. மண்ணுக்கடியில் முழ உயரம் குவிந்து, கல் சில்லும் கரியும் மட்டுமே உள்ள அடுக்கு நம்மவர்களுடையதாக இருக்க முடியாது. ஆயாவுக்கு நினைவிருப்பது உண்மை. அது வேறு மேடு.

அப்படியானால் யார்? உங்கள் மேட்டை நான் பார்க்காததால் அதன் வயதைச் சொல்ல மாட்டேன். அதே கரையில் வாழ்ந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் பாலிட்டோ கரையில் ஒரு சிப்பி மேட்டிலிருந்து ஒரு சிறுவனின் எலும்புகள் எடுக்கப்பட்டன. பல ஆண்டுகள் அவை பெட்டியிலேயே இருந்தன. 2017இல் அவனுடைய மரபணு முழுமையாகப் படிக்கப்பட்டு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன், வயது ஏழு இருக்கலாம். இந்த நாட்டின் பழங்குடிகளாக இன்று வாழும் சான், கொய்கொய் மக்கள் எல்லாரிடமும் பிற்காலத்தில் வந்த ஆடுமாடு மேய்ப்பவர்களின் கலப்பு உண்டு. இவனிடம் அது இல்லை. அந்தக் கலப்பற்ற மரபணுவை வைத்துக் கணக்கிட்டபோது, இன்றைய மனித இனத்தின் கிளைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கியது 3,50,000 முதல் 2,60,000 ஆண்டுகளுக்கு முன் என்று வந்தது. அதுவரை எண்ணியிருந்ததைவிட வெகு முன்னால். டர்பனுக்குத் தெற்கே டூன்சைடில் கிடைத்த இன்னொருவரும் அதே ஆய்வில் இருந்தார். அம்சிம்டோட்டியைத் தாண்டித் தெற்கே போகும் வழியில் எத்தனையோ முறை நாம் கடந்துபோன ஊர் அது.

அந்தப் பையனின் கண்குழி எலும்பில் சிறு துளைகள் இருந்தன. கடும் இரத்தசோகைக்கான அடையாளம் அது. பின்னர் அவனுடைய எலும்பிலிருந்தே, தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் ரிக்கெட்சியா இனக் கிருமியின் மரபணுத் தடயமும் கிடைத்தது. நோஞ்சானாக இருந்த ஒரு குழந்தை. அவனை யாரோ கரையில் அடக்கம் செய்தார்கள். 2,000 ஆண்டுகள் கழித்து இவ்வளவும் நமக்குத் தெரிய வருவதற்குச் சிப்பிகளும் ஒரு காரணம். நம் கடலோர மணலில் எலும்பு எளிதில் கரைந்துபோகும். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை முறித்துவிடுவதால், மேட்டுக்குள் கிடக்கும் எலும்பு நிலைக்கும். வேறெங்கும் மறைந்துவிடும் மீன் முள்ளும் பறவை எலும்பும் சிப்பி மேட்டில் கிடைப்பது இதனால்தான்.

நம் கரையில் சிப்பி தின்றவர்கள் வேட்டையாடிகள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கவும் பயிரிடவும் தெரிந்த மக்கள் வடக்கிலிருந்து கரையோரமாகவே இறங்கி வந்தார்கள். டர்பனுக்கு அருகே ம்சொன்ஜானியில் டிம் மேக்ஸ் தோண்டிய குடியிருப்பு அவர்களுடையது. அவர்களும் பாறைச் சிப்பியை விரும்பித் தின்றார்கள். அவர்கள் விட்டுச்சென்ற மேட்டில் கோடு கீறிய தடித்த பானை ஓடும் இரும்புக் கசடும் இருக்கும். நீங்கள் அவற்றைப் பார்த்ததாக எழுதவில்லை. ஆனால் ஒரே மேட்டில் கீழே ஒரு கூட்டம், மேலே இன்னொரு கூட்டம் இருப்பதும் உண்டு.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். எனக்கு மனம் கனக்கிற இடம் இது.

'ஸ்ட்ராண்ட்லோப்பர்' என்றால் டச்சு மொழியில் கரையில் நடப்பவன். 1652இல் நாட்டின் தென்மேற்கு மூலையான கேப்பில் இறங்கிய டச்சுக்காரர்கள், ஆடுமாடு இல்லாமல் கடலை நம்பி வாழ்ந்த கொய்கொய் கூட்டத்தை இப்படி அழைத்தார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவர் ஔட்சுமாட்டோ. டச்சுக்காரர்கள் வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயக் கப்பலில் ஜாவாவின் பாண்டம் வரை போய்வந்தவர். ஆங்கிலம் பேசினார். கப்பல்களுக்கு இடையே கடிதங்களைக் காத்துக் கொடுத்தார். டச்சுக்காரர்கள் அவரை ராபன் தீவில் அடைத்தபோது படகில் தப்பினார். அவரைத்தான் கரையில் பொறுக்கித் தின்னும் ஹாரி என்று எழுதி வைத்தார்கள். உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம் என்ற நல்ல பொருளில் நம் மொழியில் இருக்கும் 'கூலி' என்ற சொல்லை எடுத்து, இந்த நாட்டில் நம் தாத்தாக்களின் முகத்தில் எறிந்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் இன்னொருவரை அப்படி ஒரு சொல்லால் அழைக்க என் வாய் வராது. அந்தச் சொல் பொய்யும் கூட. கரையில் சிப்பி எடுத்துப் பிழைப்பதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் பாறைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

சிறுவனாக இருந்தபோது தாத்தாவோடு பாறைக்குப் போவேன். கவிழ்த்த தொப்பி போல் பாறையில் ஒட்டியிருக்கும் லிம்பெட் நத்தையை எனக்குக் காட்டி, "தொட்டுப் பார்க்காதே, ஒரே அடி" என்பார். நான் தொட்டுவிட்டேன். அது தன்னைப் பாறையோடு இறுக்கிக்கொண்டது. பிறகு கத்தியை நெம்பினாலும் அசையவில்லை, ஓடுதான் உடைந்தது. தாத்தா அடுத்ததன் அருகில் நிழல்கூட விழாமல் குனிந்து, பக்கவாட்டில் கல்லால் ஒரு தட்டு தட்டினார். அது முழுசாகக் கழன்று அவர் கையில் விழுந்தது. நடுவில் இரண்டு முறை தலையைத் திருப்பி அலையைப் பார்த்துக்கொண்டார். கடலுக்கு முதுகு காட்டாதே என்று எனக்கு வாயால் சொன்னதில்லை. பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய அறிவு எந்த நாள், எந்த நேரம் போவது என்பது. நல்ல சிப்பி கீழ்ப்பாறையில் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓரிரு நாட்களில் மட்டுமே கடல் அவ்வளவு தூரம் வற்றும். அட்டமியை ஒட்டிப் போனால் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு, கீழ்ப்பாறை வெளியே தெரியாது. தென்னாப்பிரிக்கக் கரையில் அந்தப் பெரிய வற்றம் காலை ஒன்பது, பத்து மணியளவிலும், இரவில் அதே நேரத்திலும் வரும். நம் வீடுகளில் அமாவாசை விரதத்துக்கு நாள் குறிக்கிறோமே, அதே நிலவை வைத்துத்தான் பாறைக்கும் நாள் குறிக்க வேண்டும்.

இந்த நாட்காட்டி எவ்வளவு பழையது? கேப்பின் தெற்குக் கரையில் மோசல் பே ஊருக்கு வெளியே, செங்குத்தான கடற்பாறையில் பின்னக்கிள் பாயிண்ட் என்ற இடத்தில் குகைகள் இருக்கின்றன. அவற்றில் 13பி என்ற குகையில் கர்டிஸ் மரியன் தலைமையில் தோண்டியவர்கள் 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 1,64,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் பழுப்புச் சிப்பியைத் தின்றிருக்கிறார்கள். அதே அடுக்கில் செங்காவிக் கட்டிகளும் இருந்தன. திமிங்கிலத்தின் தோலில் மட்டுமே ஒட்டி வளரும், கொட்டலசு என்ற ஓட்டுயிரி ஒன்றும் கிடைத்தது. கரை ஒதுங்கிய திமிங்கிலத்தின் தோலோடும் கொழுப்போடும் அது குகைக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் கரையில் பாறை வழுக்கும், அலை அறையும். கண்டபடி போனால் உயிரோடு திரும்ப முடியாது. நிலவோடு வற்றத்தைச் சேர்த்துக் கணிக்கத் தெரிந்திருந்தால்தான் அவர்கள் அங்கே நிலைத்திருக்க முடியும் என்பது மரியனின் வாதம். தாத்தாவோடு பாறைக்குப் போன எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடலுணவு தின்றதால்தான் மனித மூளையே பெரிதானது என்று சிலர் நீட்டுவதை ஏற்கத் தயங்குகிறேன். அந்தக் காலத்துக்குள் மண்டையோடு ஏறக்குறைய இன்றைய அளவை எட்டிவிட்டிருந்தது.

மோசல் என்ற டச்சுச் சொல்லுக்கே சிப்பி என்றுதான் பொருள். 1601இல் அங்கே இறங்கிய டச்சு மாலுமிகளுக்கு வேறொன்றும் கிடைக்காமல் சிப்பி தின்று வைத்த பெயர் அது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. குளச்சல் முதல் கன்னியாகுமரி வரை பாறையில் முங்கிப் பறிக்கும் பழுப்புச் சிப்பி தனி இனம் என்று எண்ணி 'பெர்னா இண்டிகா' என்று 1976இல் பெயர் வைத்தார்கள். பின்னர் மரபணுவைப் பார்த்தபோது அது நம் நேட்டால் பாறையில் உள்ள அதே 'பெர்னா பெர்னா' என்று தெரிந்தது. பின்னக்கிள் பாயிண்ட் குகையில் கிடந்ததும் அந்த இனம்தான்.

கேப் கரையில் இன்னும் பல இடங்கள் உண்டு. கிளாசிஸ் ரிவர் முகத்துவாரக் குகைகளில் ஒரு லட்சம் ஆண்டுக்கும் மேற்பட்ட சிப்பி அடுக்குகள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது பிளோம்போஸ். கிறிஸ்டோஃபர் ஹென்ஷில்வுட் தோண்டிய அந்தக் குகையில், ஏறத்தாழ 75,000 ஆண்டுகளுக்கு முன் துளையிட்டுக் கோத்த சின்னஞ்சிறு நத்தை ஓட்டு மணிகள் கிடைத்தன. 2004இல் அறிவித்தபோது 41 மணிகள். இந்த நத்தை திறந்த கடலில் வாழாது, ஆற்று முகத்துவாரத்தில்தான் வாழும். குகையிலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. போய்ப் பொறுக்கி வந்திருக்கிறார்கள். நூல் உரசிய தேய்மானம் துளை ஓரத்தில் தெரிகிறது. இன்னும் கீழே, 1,00,000 ஆண்டு பழைய அடுக்கில், அபலோன் என்ற பெரிய கடல் நத்தையின் இரண்டு ஓடுகள் கிண்ணமாகப் பயன்பட்டிருந்தன. செங்காவிப் பொடி, இடித்த எலும்பு, கரி எல்லாம் குழைத்த சாயத்தின் மிச்சம் அவற்றின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. தின்று முடித்த ஓட்டை எறியாமல் வைத்து அதில் சாயம் குழைத்திருக்கிறார்கள். என் அம்மா கொட்டாங்கச்சியில் கோலப்பொடி வைத்திருந்த கை எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆனால் நம் பிள்ளைகள் இதையெல்லாம் கேப்புக்குப் போய்ப் பார்க்க வேண்டிய சங்கதி என்றே நினைக்கிறார்கள். டொங்காட் ஆற்றின் மேலே, கரும்புக் காட்டுக்கு நடுவில், கடலிலிருந்து 15 கி.மீ. உள்ளே சிபுது குகை இருக்கிறது. டர்பனிலிருந்து 40 கி.மீ. தூரம்தான். லின் வாட்லி அங்கே ஆண்டுக்கணக்காகத் தோண்டினார். 70,000 ஆண்டுக்கும் முந்தைய அடுக்கில் துளையிட்ட கடல் நத்தை ஓடுகள் கிடைத்தன. கடற்கரையிலிருந்து அவற்றை யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள். 77,000 ஆண்டுகளுக்கு முன் கோரையைப் பரப்பி, பூச்சி அண்டாத ஓர் இலையை மேலே தூவிப் படுக்கை போட்டிருந்ததும் அங்கேதான் தெரியவந்தது. 2024 ஜூலையில் புது டெல்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் சிபுது, பின்னக்கிள் பாயிண்ட், மேற்குக் கேப்பின் டீப்கிளூஃப் பாறைக்குடைவு மூன்றும் சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாயின. நம் தாத்தாக்கள் அந்தக் குகைக்குக் கீழேயுள்ள வயல்களில் கரும்பு வெட்டினார்கள்.

சிப்பி ஓட்டை வைத்து இவ்வளவு எப்படிச் சொல்ல முடிகிறது என்று உங்களுக்குத் தோன்றும். கிடங்கில் நான் செய்த வேலையைச் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் தோண்டிய மண் சல்லடையில் சலித்து, எண் எழுதிய பையில் வரும். அதை மேசையில் கொட்டி இனவாரியாகப் பிரிப்போம். சிப்பி உடைந்து நொறுங்கியிருந்தாலும் இரண்டு ஓடும் சேரும் கீல் பகுதி கெட்டியானது, எளிதில் உடையாது. இடக் கீல் எத்தனை, வலக் கீல் எத்தனை என்று தனித்தனியாக எண்ணி, எது அதிகமோ அதைச் சிப்பிகளின் எண்ணிக்கையாக எழுதுவோம். லிம்பெட்டுக்கு உச்சிமுனையை எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் அளவுகோலில் வைத்து அளப்போம். மாலைக்குள் விரல் நுனியெல்லாம் வெள்ளை. சலிப்பான வேலை என்பார்கள். எனக்கு ஒரு நாளும் சலித்ததில்லை.

அளவு ஏன் முக்கியம் தெரியுமா? அடிக்கடி வந்து பறித்தால் லிம்பெட் பெரிதாக வளர அவகாசம் இராது. ஒரு லட்சம் ஆண்டு பழைய மேடுகளில் லிம்பெட் பெரியது, கடந்த பத்தாயிரம் ஆண்டு மேடுகளில் சிறியது. பழங்காலத்தில் கரைக்கு வந்தவர்கள் குறைவு, பின்னர் கூட்டம் பெருகியது என்று ரிச்சர்ட் கிளைனும் அவரோடு உழைத்தவர்களும் இதிலிருந்து வாதிட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கு எடுத்தவர் யாருமில்லாத காலத்துக்கு ஓர் ஓட்டின் நீளம் சாட்சி சொல்கிறது.

எந்தப் பருவத்தில் பறித்தார்கள் என்பதும் ஓட்டிலேயே இருக்கிறது. குளிர்ந்த நீரில் வளரும்போது ஓட்டில் சேரும் ஆக்சிஜன் வகைகளின் விகிதம் ஒன்று, வெதுவெதுப்பான நீரில் இன்னொன்று. ஓட்டின் விளிம்புதான் கடைசியாக வளர்ந்த பகுதி, அதாவது உயிர் போன பருவம். நிக்கோலஸ் ஷாக்கிள்டன் 1973இல் தெற்குக் கரையின் ராபர்க் முனையிலுள்ள நெல்சன் பே குகையின் ஓடுகளை இப்படிப் பார்த்து, குளிர்காலத்தில் பறித்தவை என்றார். மேற்குக் கரையில் எலண்ட்ஸ் பே குகையைத் தோண்டிய ஜான் பார்க்கிங்டனும், கிடைத்த கடல்நாய்க் குட்டிகளின் தாடை வயதை வைத்து அதையே சொன்னார். குட்டி பிறப்பது நவம்பர், டிசம்பரில். ஏறக்குறைய ஒன்பது மாதக் குட்டி என்றால் குளிர்காலக் கடைசி. கோடையில் அந்தக் கரையில் கடல் சிவந்து சிப்பி நஞ்சாகும் நாட்களும் உண்டு. ஆகவே குளிர்காலத்தில் கடலோரம், கோடையில் மலைக்குள் என்று ஒரே கூட்டம் போய்வந்திருக்கும் என்பது அவருடைய கருத்து.

அழகான விளக்கம். ஆனால் அதை எலும்பு ஒப்புக்கொள்ளவில்லை. ஜூடித் சீலியும் நிக்கோலாஸ் வான் டர் மெர்வும் 1980களில் மனித எலும்பிலுள்ள கார்பன் விகிதத்தை அளந்தார்கள். கடலுணவு தின்றவர் எலும்பில் ஒரு விகிதம், நிலத்துணவு தின்றவரிடம் வேறு விகிதம். இரண்டு இடத்திலும் மாறி மாறி வாழ்ந்திருந்தால் கரையில் புதைந்தவர் எலும்பும் உள்நாட்டில் புதைந்தவர் எலும்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை. கரையில் இருந்தவர்கள் ஆண்டின் பெரும்பகுதி கடலுணவையே உண்டிருக்கிறார்கள். பின்னர் சீலி தெற்குக் கரையிலும் அளந்தார். ராபர்க் முனையைச் சேர்ந்தவர்கள் கடல்நாயும் மீனும் மிகுதியாகத் தின்றார்கள். அங்கிருந்து ஏறக்குறைய 14 கி.மீ. தூரத்தில் மாட்ஜஸ் ரிவர் பாறைக்குடைவில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் உணவு வேறு. நடந்தால் அரை நாளில் போய்விடும் தூரம். ஆனாலும் இவர்கள் கரை வேறு, அவர்கள் கரை வேறு. எனக்கு இதில் ஊர் எல்லை தெரிகிறது. ஒதுங்கிய இடத்தில் பொறுக்கித் தின்ற கூட்டத்துக்கு எல்லை எதற்கு?

எலண்ட்ஸ் பே வட்டாரத்தில் 3,000 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுந்த பெருமேடுகளைப் பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது. பெரும்பாலும் கருஞ்சிப்பிதான், மற்ற குப்பை சொற்பம். குடியிருக்காமல், மொத்தமாகப் பறித்து அவித்துக் காயவைத்து உள்நாட்டுக்குச் சுமந்த இடம் என்று ஒரு தரப்பு. அந்தோனியெத்தா ஹெரார்டினோ அதை மறுத்து, மக்கள் பெருகி ஒரே இடத்தில் நீண்ட காலம் தங்கியதன் விளைவு என்கிறார். கருவாடு காயப்போடும் வீட்டில் வளர்ந்தவன் என்பதால் காயவைக்கும் கதை எனக்கு ஈர்ப்பாக இருந்தது. ஆனாலும் எலும்புக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் ஹெரார்டினோ பக்கம்தான் சாய்கிறேன்.

பாறைக்குப் போனது யார்? நாட்டின் கிழக்கே டிரான்ஸ்கேய் கரையில் சென்ற நூற்றாண்டு வரை பார்த்து எழுதியவர்கள், பெண்களும் பிள்ளைகளும் பெரிய வற்றத்தன்று கூட்டமாகப் போய்ப் பறித்ததைக் குறித்திருக்கிறார்கள். அதை வைத்து லட்சம் ஆண்டுக்கு முன்னும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் ஓடாமல், துரத்தாமல், கைக்குழந்தையோடும் பாட்டியோடும் சேர்ந்து தேட முடிகிற இறைச்சி இதைப்போல் வேறு அதிகம் இல்லை.

மீனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரு முனையும் கூராகச் சீவிய எலும்புத் துண்டை நடுவில் கட்டி இரையில் மறைத்தால் மீன் விழுங்கியதும் குறுக்கே மாட்டிக்கொள்ளும். தூண்டில் முள்ளுக்கு முந்திய முள் அது. பள்ளம் கீறிய கல் குண்டுகளும் கிடைக்கின்றன. கேப் தெற்குக் கரையில் ஸ்டில்பாய் அருகே கடலுக்குள் கல் அடுக்கிக் கட்டிய மீன் பொறிகளைச் சுற்றுலாப் பலகைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை என்று காட்டும். 2010இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் பெரும்பாலானவை குடியேறியவர் காலத்தவை என்று காட்டியது. பழையது என்று சொல்ல ஆசைதான். சான்று இல்லாதபோது சொல்லக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. சிப்பி ஓடு அழியாது, கிழங்கும் கீரையும் அழிந்துவிடும். அதனால் மேட்டைப் பார்த்து அவர்கள் சிப்பியையே தின்று வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டக்கூடாது. ஒரு பை சிப்பியில் பெரும்பகுதி ஓட்டின் எடைதான். இன்னொன்று, கடல் இப்போது இருக்கும் இடத்திலேயே எப்போதும் இருக்கவில்லை. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் அது 120 மீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தது. கேப்பின் தெற்கே கரை 100 கி.மீ. அளவுக்கு விலகிப் போயிருந்தது. அந்தக் கரையில் வாழ்ந்தவர்களின் மேடுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. நெல்சன் பே குகையில் கடல் திரும்பி நெருங்கியதை அப்படியே பார்க்கலாம். கீழ் அடுக்கில் புல்வெளி விலங்குகளின் எலும்பு, மேலே போகப் போகச் சிப்பியும் மீனும்.

மீதியில் ஒரு பகுதியை மனிதரே அழித்தார்கள். நம் ஊரில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்ததுபோல் இங்கே குடியேறியவர்களும் வீடு பூசச் சூளை போட்டார்கள். தோண்டக் கஷ்டமில்லாமல் குவிந்து கிடந்த மேடுகள் அந்தச் சூளைகளுக்குள் போயின. அதன் பிறகு சாலைகளும் கடற்கரை வீடுகளும் வந்தன. பாலிட்டோவில் இன்று கட்டடம் எழும் வேகத்தைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைக் கண்டதும் அன்றே எழுத உட்கார்ந்தேன்.

இனி நீங்கள் எடுத்து வந்தவை. 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட இடத்திலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. தெரியாமல் செய்துவிட்டீர்கள், பயப்பட வேண்டாம். ஆனால் திரும்பப் போய் நீங்களாகவே மேட்டில் செருகி வைக்காதீர்கள். அடுக்கு மாறிவிட்டால் அது பொய் சொல்லத் தொடங்கும். கல் சில்லைக் கழுவவே கழுவாதீர்கள். சிபுதுவில் கல் முனைகளின் மேல் ஒட்டியிருந்த செங்காவியும் மரப்பிசினும் கண்ணுக்குத் தெரியாத படிவாகத்தான் இருந்தன. கழுவியிருந்தால் பிசின் காய்ச்சிக் கல்லைக் கம்பில் ஒட்டியவர்களைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. நான்கையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். எடுத்த தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதுங்கள். போன முறை எடுத்த படங்கள் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். நம் மாகாணத்தில் இதைக் கவனிப்பது அமாஃபா என்ற மரபுவள அமைப்பு. பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலுள்ள குவாசுலு-நேட்டால் அருங்காட்சியகத்திலும் தொல்லியல் பிரிவு இருக்கிறது. மேடு சரிந்துகொண்டிருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள், அடுத்த மழைக்கு முன் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். போகும்போது ஆயாவையும் அழைத்துப் போங்கள். அவர் சொன்ன மேடு எங்கே இருந்தது என்று அவர் நினைவிலிருந்து காட்டினால், அதையும் தனியாகக் குறித்துக் கொடுங்கள்.